பெயரும் பின்னணியும்: முதல்முறை தேர்தலில் நிற்பவருக்கான முழு வழிகாட்டி

2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் வாக்காளர் இயந்திரத்தின் முன் நின்றபோது சுயேச்சைகள் பகுதியில் ஆறு ஓ.பன்னீர்செல்வம் இருந்தார்கள். ஒருவர் தமிழ்நாட்டின் முன்னாள் முதலமைச்சர். மற்ற ஐந்து பேரும் அதே தலைப்பெழுத்தும் அதே பெயரும் கொண்ட வேறு மனிதர்கள். முன்னாள் முதலமைச்சருக்குக் கிடைத்த சின்னம் பலாப்பழம். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவருக்கு இருந்தது சில வாரங்கள்தான். மூன்று லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி இரண்டாம் இடம் வந்தார். ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ் கனி ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். அவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பெயர்க் குழப்பத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் கேரளத்தில் 2004-ல் ஆலப்புழைத் தொகுதியில் நடந்தது வேறு கதை. காங்கிரஸின் வி.எம்.சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். அதே தேர்தலில் வி.எஸ்.சுதீரன் என்ற சுயேச்சை வாங்கிய ஓட்டு 8,282.

இந்த வழிகாட்டி சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ முதல்முறையாக மனு போடப்போகிறவருக்கும், அவருடன் ஓடியாடப்போகிற நான்கைந்து பேருக்கும். பெரிய கட்சியின் வேட்பாளர் என்றால் பாதி வேலையை மாவட்டச் செயலாளரின் ஆட்களே பார்த்துவிடுவார்கள். சின்னக் கட்சி, சுயேச்சை என்றால் எல்லாம் உங்கள் தலையில்தான். பெயர், பின்னணி இரண்டையும் பலர் பேச்சாளர்களுக்கான விஷயமாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது முதலில் காகித வேலை. காகிதம் சரியாக இருந்தால் பேச்சு தானாக வரும்.

முதல் படி: ஊர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறது?

மனு தாக்கலுக்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்யுங்கள். உங்களுக்கு நெருக்கமில்லாத இரண்டு பேரைத் தொகுதிக்குள் அனுப்புங்கள். ரேஷன் கடை வரிசை, ஆட்டோ ஸ்டாண்ட், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, காலை ஏழு மணி டீக்கடை. உங்கள் பெயரைச் சொல்லி “இவரைத் தெரியுமா?” என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பதிலை அப்படியே, கேட்ட வார்த்தையிலேயே எழுதி வரவேண்டும். அழகுபடுத்தக் கூடாது.

கே.செல்வராஜ் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். நோட்டுப் புத்தகத்தில் இப்படி வரும்: “எந்த செல்வராஜ்?” “உரக்கடை செல்வமா?” “பெரிய வாத்தியார் மகன்.” “கொரோனா சமயத்துல அரிசி குடுத்தாரே, அவரா?” “அந்த இடத்துத் தகராறுல இருந்தவர்தானே?” பிரசாரம் முழுவதுக்குமான கச்சாப் பொருள் இந்த ஐந்து பதிலில் இருக்கிறது. ஃபிளெக்ஸில் ‘செயல்வீரர் கே.செல்வராஜ், எம்.ஏ.’ என்று அடித்தால் அவரை யாருக்கும் தெரியாது. ‘உரக்கடை செல்வம்’ என்றால் பாதி ஊருக்குத் தெரியும். இடத்துத் தகராறு பற்றிய பதில் வந்துவிட்டதா? நல்லது. எதிரணிக்கு அது முன்பே தெரியும். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். வடமாநிலங்களில் பெயரின் கடைசிச் சொல்லே ஆளின் சாதியைச் சொல்லிவிடும். இங்கே 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து சாதிப் பட்டத்தைக் கைவிடும் வழக்கம் பரவி, மிஞ்சியது தலைப்பெழுத்தும் ஒரே ஒரு பெயரும். அதனால் ஒரே தொகுதியில் நூறு முருகன்கள் இருப்பார்கள். ஊர் அதற்குத் தானே வழி கண்டுபிடித்திருக்கிறது. தொழிலை முன்னால் சேர்க்கும், தெருவைச் சேர்க்கும், அப்பாவைச் சேர்க்கும். அரசியலில் ஊர்ப்பெயரைச் சேர்ப்பது இதன் நீட்சிதான். ஆற்காடு வீராசாமி, பண்ருட்டி ராமச்சந்திரன், எடப்பாடி பழனிசாமி என்று ஊரே ஆளின் பெயராகிவிட்டது.

இரண்டாம் படி: காகிதங்களில் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா?

வாக்காளர் பட்டியல், ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டா. இவை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வையுங்கள். ஒன்றில் செல்வராஜ், இன்னொன்றில் செல்வராசு, மூன்றாவதில் செல்வராஜன் என்று இருக்கும். எழுத்துப்பிழை ஒன்றுக்காகவே மனுவைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. ஆளை அடையாளம் காண முடிந்தால் போதும். ஆனாலும் பரிசீலனை நாளில் எதிரணி வக்கீல் எழுந்து ஆட்சேபம் சொன்னால் உங்களுக்கு வேர்க்கும். அவகாசம் இருக்கும்போதே திருத்தம் செய்துவிடுவது நிம்மதி.

சட்டமன்றத்துக்கு நிற்க இதே மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். மக்களவைக்கு நாட்டின் எந்தத் தொகுதியிலும் வாக்காளராக இருக்கலாம். நிற்கும் தொகுதியில் ஓட்டு இல்லையென்றால் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகல் கையில் இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு கடைசி நாள் மூன்று மணிக்குத் தாலுகா ஆபீஸுக்கு ஓடுகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு.

தனித்தொகுதி என்றால் சாதிச் சான்றிதழை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. கேரளத்தில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியான தேவிகுளத்தின் வழக்கு இங்கே நல்ல பாடம். 2021-ல் அங்கே ஜெயித்து, தமிழில் பதவியேற்ற ஏ.ராஜா கிறிஸ்தவர், ஆகவே அங்கே நிற்கத் தகுதியில்லை என்று எதிர்த் தரப்பு வழக்குப் போட்டது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில்தான் அதை மாற்றி வெற்றியை உறுதி செய்தது. தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மூணாறு பக்கம் போன குடும்பம், ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் படம் என்று எல்லாமே விசாரணைக்கு வந்தன. ஐந்து வருடப் பதவியில் பெரும்பகுதி கோர்ட்டிலேயே கழிந்தது. உங்கள் குடும்பத்தில் இதுபோல ஒரு கேள்வி எழ வாய்ப்பிருந்தால் மனுவுக்கு முன்பே வக்கீலிடம் உட்காருங்கள்.

மூன்றாம் படி: இயந்திரத்தில் பெயர் எப்படி வரவேண்டும்?

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 8-வது விதிப்படி, மனுவில் எழுதிய பெயரில் பிழை இருந்தாலோ, மக்கள் உங்களை வேறு பெயரில் அறிந்திருந்தாலோ, போட்டியிடுவோரின் இறுதிப் பட்டியல் தயாராகும் முன் எழுத்துமூலம் கேட்கலாம். தேர்தல் நடத்தும் அலுவலருக்கு உங்கள் கோரிக்கை உண்மை என்று திருப்தி ஏற்பட்டால் அந்தப் பெயரே பட்டியலில் வரும். பழைய நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி, சங்கப் பொறுப்புக் கடிதம் என்று அந்தப் பெயர் புழக்கத்தில் இருப்பதற்கு ஆதாரம் இணைத்துக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது. நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரிசை எப்படி வருகிறது? முதலில் அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளின் வேட்பாளர்கள். அடுத்து பதிவு செய்யப்பட்ட ஆனால் அங்கீகாரம் இல்லாத கட்சிகள். கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அகர வரிசை. தலைப்பெழுத்தும், டாக்டர், பேராசிரியர் போன்ற பட்டங்களும் வரிசைக்குக் கணக்கில் வராது. ஆகவே ‘ஆ.வேலு’ என்று போட்டு மேலே ஏறிவிடலாம் என்ற கணக்கு பலிக்காது. ஊர்ப்பெயரையோ தொழிலையோ முன்னால் சேர்த்தால் எந்தச் சொல்லை வைத்து வரிசைப்படுத்துவார்கள் என்பதை அலுவலரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

மேலே வந்தால் ஓட்டு கூடுமா என்று கேட்பார்கள். தெரிந்த சின்னம் உள்ளவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. சுயேச்சைக்கு உண்டு. ஒரு வாக்களிப்பு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பேருக்குத்தான் இடம். 2021-ல் கரூர் சட்டமன்றத் தொகுதியில் 77 பேர் நின்றார்கள். அப்படி ஐந்து இயந்திரங்கள் வரிசையாக இருக்கும் மேசையில் மூன்றாவதின் நடுவில் உங்கள் பெயர் இருந்தால், ‘மூணாவது பெட்டி, நாலாவது பட்டன்’ என்று சொல்லித்தர வேண்டியிருக்கும். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டே புத்தகமான காலத்தை நினைத்தால் இது பரவாயில்லை.

அப்புறம் புகைப்படம். 2015 மே மாதத்திலிருந்து இயந்திரத்தில் ஒட்டும் தாளில் வேட்பாளர் படமும் உண்டு. 2025-ல் பீகார் தேர்தலிலிருந்து அது வண்ணப் படமாகிவிட்டது, முகமும் பெரிதாகத் தெரியும்படி அச்சாகிறது. மூன்று மாதத்துக்குள் எடுத்த, வெள்ளைப் பின்னணி உள்ள, தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ இல்லாத படம் கேட்பார்கள். ஸ்டூடியோவில் மீசையைச் சரிசெய்து, முகத்தை மாவு பூசியதுபோல வெளுப்பாக்கித் தருவார்கள். வேண்டவே வேண்டாம். போஸ்டரில் உள்ள முகமும் இயந்திரத்தில் உள்ள முகமும் ஒன்றாக இருக்க வேண்டும். போஸ்டருக்கும் அதே படத்தைப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் யோசனை.

நான்காம் படி: பிரமாணப் பத்திரம்

உங்கள் பின்னணியின் அதிகாரபூர்வ வடிவம் இதுதான். படிவம் 26. பான் எண், ஐந்து வருட வருமான வரிக் கணக்கு, நிலுவை வழக்குகள், தண்டனைகள், உங்கள் பெயரிலும் மனைவி அல்லது கணவர் பெயரிலும் சார்ந்திருப்போர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், வருமான வழி, அரசு ஒப்பந்தங்கள், படிப்பு, சமூக ஊடகக் கணக்குகள் எல்லாம் இதில் உண்டு. நீங்கள் தாக்கல் செய்ததும் அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், தேர்தல் ஆணையத்தின் தளத்திலும் ஏறிவிடும். உங்கள் துண்டறிக்கையை எதிரணி படிக்காமல் போகலாம். இதை வரிவரியாகப் படிப்பார்கள். உள்ளூர் நிருபர்களும் படிப்பார்கள், மறுநாள் பேப்பரில் உங்களைப் பற்றி வரும் முதல் செய்தி பெரும்பாலும் சொத்துக் கணக்குதான்.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். காலியாக விட்டு, அலுவலர் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பவில்லை என்றால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படிப்புக் கட்டத்தில்தான் ஆசை வரும். பட்டம் முடிக்காதவர் முடித்ததாக எழுதுவார், இல்லையென்றால் சிஷ்யப்பிள்ளை எழுதிக்கொடுத்துவிடுவார். மணிப்பூரின் மொய்ராங் தொகுதியில் ஜெயித்த ஒருவர் மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்ததாக எழுதியிருந்தார். எழுத்தர் செய்த பிழை என்று வாதாடிப் பார்த்தார். 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, வெற்றி செல்லாமல் போனது. இதில் வருத்தம் என்னவென்றால், எந்த வாக்காளரும் எம்.பி.ஏ.வுக்காக ஓட்டுப் போடுவதில்லை. பத்தாம் வகுப்பு என்று உண்மையை எழுதியவர்கள் அமைச்சர்களாக இருந்திருக்கிறார்கள்.

சொத்தில் எதை எழுதுவது, எதை விடுவது? வீட்டிலுள்ள பாத்திரம், நாற்காலி, துணிமணி வரை எழுத வேண்டியதில்லை. அருணாசலப் பிரதேசத்தின் தேஸு தொகுதி வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெரிய மதிப்புள்ளதாகவோ, வேட்பாளரின் வாழ்க்கை முறையைக் காட்டுவதாகவோ இருந்தால் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பை நம்பி எதையாவது மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் எழுதிவிடுவதே வழி. மனைவி பெயரில் உள்ள நகை, அவர் அண்ணனுக்கு விற்ற நிலம், கூட்டு வங்கிக் கணக்கு ஆகியவற்றில்தான் விடுபடல் வரும். இந்தப் படிவத்தை நிரப்பும் மாலையில் கட்சிக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு வீட்டிலுள்ளவர்களோடு உட்காருங்கள். அக்காவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்த கணக்கு உங்களுக்குத் தெரியாது.

குற்ற வழக்கு இருந்தால் அதற்கென்று தனி வேலை இருக்கிறது. மனு வாபஸ் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில், மூன்று தடவை, செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் உங்கள் வழக்கு விவரத்தை நீங்களே விளம்பரம் செய்ய வேண்டும். முதல் விளம்பரம் வாபஸ் நாளிலிருந்து நான்கு நாளுக்குள், இரண்டாவது ஐந்திலிருந்து எட்டாம் நாளுக்குள், மூன்றாவது ஒன்பதாம் நாளிலிருந்து பிரசாரம் முடிவதற்குள். இந்தச் செலவு உங்கள் தேர்தல் கணக்கில் சேரும். சட்டமன்றத்துக்கு உச்சவரம்பு 40 லட்சம் என்பதால் சுயேச்சைகளுக்கு வரம்பு பிரச்சினை வராது, பணம்தான் பிரச்சினை.

பலர் இந்த விளம்பரத்தை யாரும் பார்க்காத மூலையில் போட்டுவிட்டு நிம்மதியாகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாலை மறியல், தடையை மீறிய ஆர்ப்பாட்டம் போன்ற போராட்ட வழக்குகள் என்றால் மேடையிலேயே சொல்லுங்கள்: “குடிதண்ணீருக்காக ரோட்டில் உட்கார்ந்தோம், எங்கள் மேல் வழக்கு இருக்கிறது.” அது தகுதிச் சான்றிதழ் மாதிரி. மோசடி, அடிதடி, பெண்கள் தொடர்பான வழக்கு என்றால் வேறு கதை. அதற்கு நல்ல வாசகம் எதுவும் கிடையாது. நிற்பதைப் பற்றியே மறுபடி யோசிக்கலாம்.

பொய்ப் பிரமாணத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

ஐந்தாம் படி: அதே பெயரில் இன்னொருவர் வந்தால்

மனு தாக்கல் நாட்களில் தினமும் மாலையில் ஒருவர் அலுவலகப் பலகையைப் போய்ப் பார்க்க வேண்டும். அன்று யார் யார் மனு போட்டார்கள் என்று ஒட்டியிருப்பார்கள். உங்கள் பெயர் இன்னொரு தடவை தெரிந்தால் அன்றே வேலையை ஆரம்பியுங்கள்.

அந்த மனுவைத் தடுக்க முடியுமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். முடியாது. ஒரே பெயர் கொண்ட வேட்பாளர்களைக் கட்டுப்படுத்தக் கோரிய பொதுநல மனுவை 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைத் தேர்தலில் நிற்காதே என்று சொல்ல முடியுமா என்பதுதான் நீதிபதிகள் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. ஆட்களைத் தேடிப் பிடித்து நிறுத்துவது அசிங்கம் என்பது வேறு விஷயம்.

உங்களுக்கு இருக்கும் வழி, ஒரே பெயரில் இருவர் வந்தால் தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்ற விதி. இதை நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும், என்ன சேர்க்க வேண்டும் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். இங்கேதான் முதல் படியில் எழுதிய நோட்டு உதவும். அலுவலர் பாட்டுக்கு அப்பா பெயரைச் சேர்த்துவிட்டால் அது யாருக்கும் தெரியாது.

பாதிப்பு எவ்வளவு என்பது நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் அங்கீகாரம் பெற்ற கட்சி, அவர் சுயேச்சை என்றால் இரண்டு பெயரும் வெவ்வேறு இடத்தில் வரும், உங்கள் சின்னமும் பழகியது. சேதம் ஆயிரக்கணக்கில் நிற்கலாம், நூற்றுக்கணக்கிலும் நிற்கலாம். அது போதும் என்ற தொகுதிகளும் உண்டு: 2016-ல் கேரளத்தின் மஞ்சேஸ்வரத்தில் பாஜகவின் கே.சுரேந்திரன் 89 ஓட்டில் தோற்றபோது, கே.சுந்தரா என்பவர் 467 ஓட்டு வாங்கியிருந்தார். இருவரும் சுயேச்சை என்றால்தான் உண்மையான ஆபத்து. தலைப்பெழுத்து வரிசையில் கணக்கில் வராததால் ஒரே பெயர்கள் அடுத்தடுத்து வந்து உட்காரும். சின்னங்களும் எல்லாருக்கும் புதிது. ராமநாதபுரத்தில் நடந்தது இதுதான்.

அந்த நிலையில் பெயரை முன்னிறுத்தும் பிரசாரத்தை அன்றே குறைத்துவிடுங்கள். ‘செல்வத்துக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று மைக் செட்டில் கத்தினால் பாதி ஓட்டு பக்கத்து செல்வத்துக்குப் போகும். எண், சின்னம், முகம். பெயர் நான்காவதாக வரட்டும்.

ஆறாம் படி: பின்னணியை ஒரே வரியில் சொல்வது

இதுவரை சட்டம். இனி வீட்டு வாசல். வேன் தெருவுக்குள் நுழைந்து ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். “இவர் யார்?” என்ற கேள்விக்கு ஒரே ஒரு வரிதான் சொல்ல முடியும். அந்த வரியைப் பெண்கள் அடுத்த தெருவில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘சமூக சேவகர், தொழிலதிபர், கல்வியாளர்’ என்பதை யாரும் திருப்பிச் சொல்ல மாட்டார்கள். ‘நம்ம ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் பையன், ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வாங்கிக் குடுத்தவர்’ என்றால் சொல்வார்கள்.

இந்த மண்ணில் பின்னணியை ஒரே படமாக்கிய பிரசாரம் 1967-ல் பரங்கிமலையில் நடந்தது. அந்த ஜனவரியில் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆரால் தொகுதிக்குள் வர முடியவில்லை. கழுத்தில் கட்டுடன் இருக்கும் அவர் படம் போஸ்டராகச் சுவருக்குச் சுவர் வந்தது. வேறு பேச்சு தேவைப்படவில்லை, ஜெயித்தார். பத்து வருடம் கழித்து அவர் முதலமைச்சர் நாற்காலிக்கு வந்தபோது, கண்டியில் பிறந்த மலையாளி என்ற பின்னணியை எதிர்த் தரப்பு எவ்வளவோ பேசிப் பார்த்திருந்தது. மக்கள் மனதில் ஏற்கெனவே ஒரு வரி பதிந்திருந்தது, புதிய வரிக்கு இடமில்லை. எதிரணி உங்களைப் பற்றி ஒரு வரி சொல்லும் முன் உங்கள் வரி ஊரில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதே 1967-ல் விருதுநகரில் காமராஜர் சொந்த ஊரிலேயே, பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அவர் பெயரை விடப் பெரிய பெயர் அன்று தமிழ்நாட்டில் எது? அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்த வருடத்தில் பெயர் தாங்கவில்லை. அலை அடிக்கும் தேர்தலில் இந்த வழிகாட்டியில் உள்ளது எல்லாம் சில ஆயிரம் ஓட்டு விஷயம்தான். அலை இல்லாத தேர்தலில் அந்தச் சில ஆயிரமே முடிவு.

குடும்பப் பெயர். அப்பா எம்.எல்.ஏ. என்றால் முதல் வரி தயாராக இருக்கிறது, கூடவே ‘வாரிசு’ என்ற எதிர் வரியும் தயார். அனுதாபம் வேலை செய்வது உண்மை. ஈரோடு கிழக்கில் மகன் திருமகன் ஈவெரா இறந்த பிறகு 2023 இடைத்தேர்தலில் தந்தை ஈ.வி.கே.எஸ்.இளங்கோவன் நின்று ஜெயித்தார். ஆனால் குடும்பப் பெயரில் நிற்பவர் அந்தக் குடும்பத்தின் பழைய பாக்கிகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். உங்கள் அப்பா பத்து வருடம் முன்பு யாருக்கு வேலை வாங்கித் தரவில்லை என்பது உங்களுக்கு மறந்திருக்கும், அவர்களுக்கு மறக்காது. பழைய ஆட்களிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டு, பிரசாரம் தொடங்கும் முன் அந்த வீடுகளுக்கு நீங்களே நடந்து போங்கள்.

பெண் வேட்பாளர் என்றால் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மருமகள்’ என்று போஸ்டரில் கணவர் படம் பெரிதாகப் போடுவார்கள். உள்ளாட்சியில் இது அதிகம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. வாக்காளர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும் ஊரில் வேட்பாளர் முகத்தைச் சிறிதாக்கிக் கணவர் முகத்தைப் பெரிதாக்குவது எந்தக் கணக்கில் சரி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இயந்திரத்திலோ சீட்டிலோ அவர் பெயர்தான் வரப்போகிறது. கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னமும் கிடையாது என்பதால் பெயரின் எடை அங்கே இன்னும் கூடுதல்.

சாதி. பெயரில் தெரியாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். “நம்ம ஆளா?” என்று கேட்காத தெரு குறைவு. இரண்டு விஷயம் சொல்கிறேன். சாதி, மதம், மொழி, இனம் ஆகியவற்றைச் சொல்லி ஓட்டுக் கேட்பது சட்டப்படி முறைகேடு. அபிராம் சிங் வழக்கில் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 4-க்கு 3 என்ற கணக்கில், வேட்பாளரின் சாதி மட்டுமல்ல, வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்றது. சமுதாயக் கூட்டத்தில் யாரோ பேசி, யாரோ செல்போனில் எடுத்த ஒரு வீடியோ உங்கள் வெற்றியைக் கோர்ட்டுக்கு இழுக்கும். இன்னொன்று, நடைமுறைக் கணக்கு. ஒரு தொகுதியில் பெரிய கட்சிகள் எல்லாமே எண்ணிக்கையில் அதிகமுள்ள சமூகத்திலிருந்தே ஆளை நிறுத்துவது வழக்கம். அப்போது அந்த ஓட்டு மூன்றாக உடைகிறது. முடிவு மற்ற சமூகங்களின் கையில் போகிறது. ‘நம்ம ஆளு’ என்று நம்பித் தன் தெருவிலேயே சுற்றியவர்கள் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான்.

வெளியூர்க்காரர் என்ற பேச்சு வந்தால் ‘நானும் இந்த மண்ணின் மைந்தன்தான்’ என்று வம்பாக நிரூபிக்கப் போகாதீர்கள். வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குங்கள், முகவரியை நோட்டீஸில் போடுங்கள். ஜெயித்த பிறகு எங்கே வந்து உங்களைப் பார்ப்பது என்பதுதான் அவர்களின் உண்மையான கேள்வி.

ஏழாம் படி: அவதூறு வந்தால்

வாட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கு வரும், காலையில் டீக்கடையில் பேச்சாகிவிடும். வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது தேர்தல் முறைகேடு, குற்றமும்கூட. பொது வாழ்க்கையோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது என்று நடத்தை விதியும் சொல்கிறது. அச்சிட்ட துண்டறிக்கை என்றால் அச்சகம், வெளியிட்டவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம்.

புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதிலை ஒரே ஒரு தடவை, ஆவணத்தோடு, அந்தப் பேச்சு பரவிய இடத்தில் மட்டும் சொல்லுங்கள். இரண்டு தெருவில் கிளம்பிய வதந்திக்கு மாவட்டம் முழுக்கப் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து ஊரெல்லாம் பரப்பியவர்கள் இருக்கிறார்கள். எதிராளியின் பின்னணியை எடுத்துப் பேச உங்கள் ஆட்கள் துடிப்பார்கள். அவருடைய பிரமாணப் பத்திரத்தில் இருப்பதை, அந்தப் பக்கத்தைக் காட்டியே பேசட்டும். அதைத் தாண்ட வேண்டாம்.

எட்டாம் படி: கடைசி இரண்டு வாரம்

வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்ததும் உங்கள் வரிசை எண் தெரிந்துவிடும். அங்கிருந்து வாக்குப்பதிவுக்குச் சுமார் இரண்டு வாரம். அதற்கு முன் அடித்த போஸ்டரில் எண் இருக்காது, ஆகவே அச்சுப் பணத்தில் பெரும்பகுதியை இதற்காக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

மாதிரி வாக்குச்சீட்டு அடிக்கலாம். உங்கள் பெயர், படம், சின்னம் ஆகியவற்றை அவை வரும் இடத்திலேயே காட்டலாம். மற்ற வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் இருக்கக் கூடாது, உண்மையான சீட்டின் நிறத்திலும் அளவிலும் இருக்கக் கூடாது. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மாதிரி இயந்திரத்தையும் எடுத்துப் போகலாம். வயதானவர்களிடம் கொடுத்து அமுக்கச் சொல்லுங்கள். “எத்தனாவது பட்டன் பாட்டி?” என்று கேட்டு அவர் வாயால் எண்ணைச் சொல்ல வைத்துவிட்டு நகருங்கள். துண்டறிக்கையைக் கையில் திணித்துவிட்டுப் போவதில் கால்வாசிப் பலன்கூட இல்லை.

வாக்குப்பதிவு அன்று வெளியே உங்கள் ஆட்கள் கொடுக்கும் பூத் சிலிப் வெள்ளைத் தாளில் இருக்க வேண்டும், அதில் உங்கள் பெயரோ சின்னமோ கட்சிப் பெயரோ வரக் கூடாது. இதை ஒவ்வொரு பூத் ஏஜென்டிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் ஆர்வக்கோளாறில் சின்னத்தோடு அடித்துவிடுவார்.

எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20-ஐ வாங்குங்கள். வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் எத்தனை வாங்கினார்கள் என்று அதில் இருக்கும். உங்கள் பெயர்க்காரருக்கு எங்கே அதிகம் விழுந்ததோ அங்கேயெல்லாம் மாதிரி இயந்திரம் போய்ச் சேரவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். செலவுக் கணக்கு தாக்கல் செய்ய முடிவு வந்த நாளிலிருந்து 30 நாள், தோற்றவருக்கும் இது கட்டாயம். பெயர், பிரமாணப் பத்திரம், அவதூறு என்று எதை வைத்தாவது தேர்தல் வழக்குப் போடுவதாக இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக 45 நாள். அலுவலரிடம் முத்திரை வாங்கிய நகல்கள் எல்லாம் அப்போது தேவைப்படும்.